ஐந்து ஏக்கரும் நாலு சென்டும்: எல்லையோரத்தில் 'காலனி' என்னும் சொல்

2024 ஜூன் 18 அன்று, கேரளத்தின் பட்டியல் சாதி, பழங்குடி நலத்துறை அமைச்சராக இருந்த கே. ராதாகிருஷ்ணன், பதவியை விட்டு விலகுவதற்கு முன் கடைசியாக ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் 'காலனி', 'சங்கேதம்', 'ஊர்' என்று இனி அழைக்கக் கூடாது. 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' போன்ற பெயர்களோ, அந்தந்தப் பகுதி மக்கள் விரும்பும் வேறு பெயர்களோ வழங்க வேண்டும் என்பது ஆணையின் சாரம். காலனி என்ற சொல் அடிமைத்தனத்தின் சுவட்டைச் சுமப்பது, அங்கு வாழ்வோருக்குத் தாழ்வுணர்வைத் தருவது என்பது கூறப்பட்ட காரணம். அவர் அப்போதுதான் ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றிருந்தார். அத்தொகுதிக்குள்தான் பாலக்காட்டுச் சித்தூர் அடங்குகிறது. சித்தூரின் கிழக்கோரத்தில், கோவை மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு, தமிழர் திரளாக வாழும் வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகள் உள்ளன.

பத்து மாதம் கழித்து, 2025 ஏப்ரல் 29 அன்று, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதே சொல்லைப் பற்றி அறிவித்தார். ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்ட 'காலனி' அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். ஓர் ஆங்கிலச் சொல்லைக் கைவிட, அண்டை மாநிலங்கள் இரண்டு ஓராண்டுக்குள் முடிவெடுத்தது அரிய நிகழ்வு. ஆனால் இதே எல்லையில், தெற்கே இடுக்கி மலைகளில், இதே சொல் எந்தக் கூச்சமும் இன்றி நிலப்படத்தில் நிற்கிறது. அந்தக் காலனியைப் பற்றி எவரும் ஆணை பிறப்பிக்கவில்லை. ஒரு சொல்லின் பொருள்கள் எங்கே பிரிந்தன என்பதை அறிய, இவ்விரு காலனிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லின் பூர்வீகம் உழவு. இலத்தீனில் 'கொலேரே' என்ற வினைக்கு உழுதல், பயிர்செய்தல், குடியிருத்தல், வழிபடுதல் எனப் பல பொருள்கள். அதிலிருந்து 'கொலோனுஸ்' உழவனைக் குறித்தது. 'கொலோனியா' உழவர் குடியிருப்பையும், பின்னர் ரோமப் பேரரசு வென்ற நிலத்தில் ஓய்வுபெற்ற படைவீரருக்கு நிலமளித்து அமைத்த நகரையும் குறித்தது. செருமனியின் கொலோன் நகரம் அவ்வாறு கி.பி. 50-இல் கொலோனியா ஆகி, அந்தப் பொதுப்பெயரையே தன் பெயராகக் கொண்டது. இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் ஈற்றிலும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. இதே வினையிலிருந்துதான் 'கல்ச்சர்' என்ற சொல்லும் பிறந்தது. தமிழில் நிலத்தைப் பண்படுத்துவதும் பண்பாடும் ஒரே வேரில் நிற்பதை எண்ணினால், இது நமக்கு விளக்கம் தேவைப்படும் உறவன்று. ஆங்கிலத்திற்கு வந்த பின் அச்சொல் கடல்கடந்த ஆட்சிப்பகுதி, ஒரு நகரில் கூடிவாழும் அயலார், எறும்புக் கூட்டம், நுண்ணுயிர்த் திரள், தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த இடம் என்றெல்லாம் கிளைத்தது. படைவீரர் முதல் நுண்ணுயிர் வரை எல்லாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒன்றே: வேறிடத்திலிருந்து வந்தோ வைக்கப்பட்டோ, ஓரிடத்தில் சேர்ந்து இருப்பது. தானே வந்ததா, வைக்கப்பட்டதா என்ற வேறுபாட்டை அச்சொல் சொல்வதில்லை. பின்னால் விளைந்த சிக்கல்களில் பாதி அந்த மௌனத்தில் இருக்கிறது.

தென்னகத்தில் இச்சொல் ஒலிக்கும் விதம் குறித்து ஒரு சிறு இடைக்குறிப்பு. தமிழ்நாட்டில் 'காலனி', கேரளத்தில் 'கோளனி', ஈழத்தில் 'கொலனி'. 'காலேஜ், டாக்டர்' என்று தமிழ்நாடு சொல்ல, கேரளம் 'கோளேஜ், டோக்டர்' என்றும் ஈழம் 'டொக்டர்' என்றும் சொல்வதன் அதே ஒழுங்கு இது. ஆங்கிலத்தின் ஓர் உயிரொலியை மூன்று நிலங்கள் மூன்று வகையாகக் கேட்டன. வடகரப்பதி போன்ற இடங்களில் பேச்சில் காலனியும் அரசு ஏட்டில் கோளனியுமாக ஒரே தெரு இரட்டை வாழ்வு வாழ்கிறது. தமிழ் எழுத்தில் இன்னொரு விபத்தும் நிகழ்கிறது. 'காலனி' என்று எழுத வேண்டிய இடத்தில் செருப்பைக் குறிக்கும் 'காலணி' என்று பெயர்ப்பலகைகளில் பிழையாக எழுதிவிடுகிறார்கள். தோல் தொழிலோடு பிணைத்துத் தாழ்த்தப்பட்ட ஒரு சமூகம் வாழும் தெருமுனையில் அந்தப் பிழை நிற்கும்போது, அது எழுத்துப்பிழை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை.

இனி இடுக்கிக்கு வருவோம். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் திருவிதாங்கூர் அரசின் பகுதிகள். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு சிற்றரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஒத்திக்குப் பெற்றதிலிருந்து அங்கு தோட்டப் பயிர்த்தொழில் வேர்கொண்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்கள். அவர்கள் தங்கிய வரிசை வீடுகளை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றனர். தொழிலாளர் நாவில் அது 'லயம்' ஆயிற்று. இலங்கை மலையகத்திலும் அதே சொல், அதே வீடு. லயம் வேலையோடு ஒட்டிய கூரை. வேலை முடிந்தால் கூரையும் முடிந்தது. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து இறந்தாலும் நிலத்தின் மீது ஒரு சாண் உரிமை கிடையாது.

மொழிவாரி மாநிலப் பிரிப்புக் காலத்தில் இந்த உரிமையின்மை அரசியல் எடை பெற்றது. மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், திருவிதாங்கூர்-கொச்சியில் தமிழர் செறிந்த தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரியது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றுடன் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் அக்கோரிக்கையில் இடம்பெற்றன. வடகரப்பதியும் மூணாறும் ஒரே அரசியல் வாக்கியத்தில் சேர்ந்து நின்ற அரிய தருணம் அது. சித்தூர் அதுவரை கொச்சி அரசின் தாலுகா. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபாரின் பகுதி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கோரிக்கையாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை.

அதே பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரில்தான் இடுக்கியில் ஒரு காலனி இருக்கிறது. அவருடைய ஆட்சிக்காலத்தில் உருவாகி 1955-இல் நடைமுறைக்கு வந்த ஹைரேஞ்ச் குடியேற்றத் திட்டம், ஏலமலைக் காட்டுப்பகுதியில் குடும்பத்திற்கு 5 ஏக்கர் என நிலம் அளந்து கொடுத்தது. இன்றைய உடும்பஞ்சோலை தாலுகாவில் கல்லாறு ஒட்டிய பகுதி 'பட்டம் காலனி' ஆயிற்று; மறையூர்ப் பக்கமும் குடியேற்றங்கள் அமைந்தன. குடியேறியோரில் பெரும்பான்மையோர் மத்தியத் திருவிதாங்கூரின் மலையாளக் குடும்பங்கள். உணவுப் பற்றாக்குறையைப் போக்குதல், நிலமற்றோருக்கு நிலம் தருதல் என்பன திட்டத்தின் அறிவித்த நோக்கங்கள். தமிழர் செறிந்த எல்லைத் தாலுகாவின் மொழி விகிதத்தை மாற்றுவதும் அதன் நோக்கமே என்பது அன்றைய தமிழ்த் தரப்பின் குற்றச்சாட்டு. பின்வந்த ஆய்வாளர் பலரும் அதைச் சுட்டியுள்ளனர். மாநில மறுசீரமைப்பு ஆணையம் எல்லைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் இந்த நிலம் அளக்கப்பட்டது என்ற காலப்பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

1955 செப்டம்பர் 30 அன்று ஆணையம் அறிக்கை தந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருக்க வேண்டும் என்றது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை என்பது மறுக்கப்படவில்லை. ஆயினும் அந்த மக்கள்தொகை தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தவர்களால் ஆனது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. இங்கே சொற்களின் நீதியைக் கவனிக்க வேண்டும். எழுபது, எழுபத்தைந்து ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவந்தவர்கள் 'வந்து போகும் தொழிலாளர்'. சில மாதங்களுக்கு முன் நிலம் பெற்றவர்கள் 'குடியேறியோர்'. இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு வந்த காலத்தைச் சார்ந்ததன்று, கையிலிருந்த நில ஆவணத்தைச் சார்ந்தது. லயத்துக்காரருக்கு அது இல்லை, காலனிக்காரருக்கு இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன.

பட்டம் காலனிக்கு வந்தவர்களைச் சூழ்ச்சிக்காரர்களாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. யானையும் மலேரியாவும் கடுங்குளிரும் நிறைந்த காட்டில் மரக்கிளைகளின் மேல் குடில் கட்டி இரவைக் கழித்த ஏழை உழவர்கள் அவர்கள். அவர்களைப் போலவே மலையேறிய வேறு குடியேற்றக்காரர்களை, 1961-இல், இடுக்கி அணைத் திட்டத்திற்காக அய்யப்பன்கோவிலிலிருந்து அரசே அப்புறப்படுத்தி, குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் விட்டது, ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாநோன்பு இருந்தார். மலையாளத்தில் 'குடியேற்றம்' என்ற சொல்லில் இந்த உழைப்பின் பெருமிதம் ஒலிக்கிறது. அதே சொல் ஈழத் தமிழில் வேறொரு நினைவைக் கிளறும். கல்லோயாவிலும் கந்தளாயிலும் அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்கள் தமிழ்ப் பகுதிகளின் மக்கள்தொகையை மாற்றுகின்றன என்ற அச்சம் அங்கு அதே பத்தாண்டில்தான் அரசியலின் மையத்துக்கு வந்தது. 1957-இன் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தில் குடியேற்றம் பற்றித் தனியே பேசப்பட்டது. 1950-களில் தெற்காசியாவின் புதிய அரசுகள் ஐரோப்பியரிடமிருந்து பெற்ற சொல்லை அதன் மிகப் பழைய ரோமானியப் பொருளிலேயே கையாண்டன எனலாம்: எல்லையில் நிலம் கொடு, நம்மவரைக் குடியமர்த்து.

பாலக்காட்டின் கதை நேரெதிர்த் திசையில் செல்கிறது. சித்தூர் தாலுகாவின் கிழக்குச் சமவெளியில் காலனி என்றால் பெரும்பாலும் ஊருக்குப் புறத்தே உள்ள தலித் குடியிருப்பு. சென்னை மாகாணத்தில் 1920-ஐ ஒட்டி, 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' நலனுக்காகத் தொழிலாளர் ஆணையர் பொறுப்பு உருவாக்கப்பட்டு, வீட்டுமனைக்கு நிலம் எடுக்கும் பணி தொடங்கியது. காந்தியடிகளின் இயக்கத்திற்குப் பின் 'அரிசன காலனி' என்ற தொடர் பரவியது. காலப்போக்கில் 'அரிசன' உதிர்ந்து 'காலனி' மட்டும் நின்றது. உதிர்ந்த பெயரடையின் பொருளை முழுவதும் எஞ்சிய பெயரே ஏற்றுக்கொண்டது. மொழியியலில் இது அறிமுகமான நிகழ்வுதான். ஆனால் இங்கே அது ஒரு சாதியின் முகவரியாயிற்று.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் இதற்கு இன்னோர் அடுக்கைச் சேர்த்தது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் குத்தகையாளர் நில உரிமையாளர் ஆயினர். நிலவுடைமையாளரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் வரை உரிமை கிட்டியது. தலித்துகள் பெரும்பாலும் குத்தகையாளராக இல்லை, கூலிகளாகவே இருந்தனர். ஆகையால் அவர்களுக்கு வாய்த்தது வயல் அன்று, குடிசையடி மண். தோட்டங்களுக்கோ சட்டத்தில் விலக்கு. லயத்துக்காரர் கணக்கிலேயே வரவில்லை. குடிகிடப்பும் இல்லாதவர்களுக்கு 1972-இல் வீட்டுவசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கிய 'லட்சம் வீடு' திட்டம் வந்தது. லட்சம் வீடு காலனி, நாலு சென்ட் காலனி என்ற பெயர்கள் அப்படிப் பரவின. முதல் தலைமுறைக்கு அது பெரும் விடுதலை என்பதை மறுக்க முடியாது. நிலவுடைமையாளர் நினைத்தபோது விரட்ட முடியாத வீடு. அடுத்த தலைமுறையில் இடம் போதவில்லை. இறந்தவரைப் புதைக்க இடமின்றிச் சமையலறைத் தரையைத் தோண்டிய செய்திகள் கேரளத்தில் வந்ததுண்டு.

இப்போது இரு காலனிகளின் அளவைப் பார்க்கலாம். இடுக்கிக் காலனி ஒரு குடும்பத்திற்கு 5 ஏக்கர், அதாவது 500 சென்ட். சமவெளிக் காலனி நாலு சென்ட். இரண்டுமே அரசு கொடுத்தவை. இரண்டையும் அரசு ஒரே சொல்லால்தான் அழைத்தது. முதலாவதில் வாழ்வோர் அதைத் தங்கள் வரலாற்றின் தொடக்கப் பெயராகச் சொல்கின்றனர். இரண்டாவதில் பிறந்த மாணவர் வகுப்பறையில் முகவரியைச் சொல்லத் தயங்குகிறார். மலையாளத்தின் இன்றைய இளையோர் வழக்கில் 'கோளனி' என்பது நாகரிகமற்ற நடத்தையைக் குறிக்கும் வசைச்சொல். தமிழ்நாட்டில் 'காலனிக்காரன்' என்பதற்குச் சாதி தவிர வேறு பொருள் தேட வேண்டியதில்லை. அதே வேளையில் 'ரயில்வே காலனி', 'பேங்க் காலனி', தில்லியின் 'டிபென்ஸ் காலனி' எவரையும் உறுத்துவதில்லை. முன்னால் ஒரு தொழிலின் பெயர் நின்றால் மதிப்பு; எதுவும் இல்லாமல் வெறும் காலனி என்றால் சாதி. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் 'காலனியம்', 'பின்காலனியம்' என்று நாள் முழுதும் பேசும்போது, அவையில் அமர்ந்திருக்கும் சிலருக்கு அது தம் தெருவின் பெயராகவும் கேட்கும் என்பதைத் தமிழ்க் கல்வியுலகம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

முதலமடை ஊராட்சியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி 2017-இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. தமிழும் தெலுங்கும் பேசும் சக்கிலியர் சமூகத்தவர் அங்கு வாழ்கின்றனர். தேநீர்க் கடைகளில் தனிக் குவளை, தண்ணீர்க் குழாயில் தனி இடம் எனத் தீண்டாமை நிலவுவதாக அவர்கள் கூறிய குற்றச்சாட்டு செய்தியானது, மறுப்புகளும் வந்தன. அப்போது கேரளத்தின் பொது உரையாடலில் அடிக்கடி கேட்ட ஒரு தொனி, இது 'எல்லைப்புறத்துத் தமிழ் வழக்கம்', முற்போக்குக் கேரளத்தின் இயல்பு அன்று என்பது. மொழிச் சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினராகிய இம்மக்களுக்கு, தமிழர் உரிமை பேசுவோரும் அவ்வளவாகக் குரல் கொடுத்ததில்லை. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தருகிறது. அந்தக் கடிதத்தின் அனுப்புநர் முகவரியில் 'காலனி' என்று எழுத நேர்வதைப் பற்றி மொழியுரிமை இயக்கங்கள் பேசவில்லை.

பெயர் மாற்றத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தமிழ் வரலாற்றில் ஒரு முன்னுதாரணம் உண்டு: சேரி. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் சேரி என்பது பிராமண ஊரின் பகுதி. சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அலகுகளுள் ஒன்று. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே வருகின்றன; அங்கேயும் முன்னொட்டுதான் சாதியைச் சொல்கிறது. பிறகு முன்னொட்டு உதிர்ந்து, சேரி என்றாலே ஒரு மக்களின் இடம் என்றாயிற்று. புதுச்சேரியும் தலச்சேரியும் மட்டும் பழைய பொருளின் எச்சங்களாகத் தப்பின. சேரி இழிவாயிற்று என்றுதான் காலனி வந்தது. காலனி அதே வழியில், அதே இலக்கணத்தில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அங்கேயே வந்து சேர்ந்தது. இப்போது நகர் வருகிறது. இதனால் பெயர் மாற்றம் வீண் என்று முடிவுகட்டுவது எளிது; அப்படிச் சொல்வோர் பெரும்பாலும் அந்தப் பெயரைச் சுமந்து பள்ளிக்குப் போகாதவர்கள். ஒரு தலைமுறைக்காவது கிடைக்கும் மூச்சுவெளி சிறிதன்று. நிலத்தின் அளவு நாலு சென்டிலேயே நிற்கும் வரை புதிய பெயருக்கும் பழைய பொருள் ஏறிவிடும் என்பதும் அதே அளவு உண்மை.

கேரள ஆணையில் மொழியியலாளரைத் திகைக்க வைப்பது 'ஊர்'. தமிழ்நாட்டில் ஊரும் காலனியும் எதிரெதிர்ச் சொற்கள். ஊர்த்தெரு ஆதிக்கச் சாதியினருடையது, காலனி அதற்கு வெளியே. கேரளத்திலோ ஊர் பழங்குடிக் குடியிருப்பின் பெயர். அட்டப்பாடியில் ஊரும் ஊர்மூப்பனும் ஊருக்கூட்டமும் இருளரின், முடுகரின், குறும்பரின் ஆட்சியமைப்புச் சொற்கள். ஆகவே எல்லைக்கு மேற்கே இழிவென்று நீக்கப் பரிந்துரைத்த சொல், கிழக்கே இழிவுபடுத்துவோர் தமக்கென வைத்துக்கொண்ட சொல். இங்கே அமைச்சரின் நல்லெண்ணம் தவறான இடத்தில் கைவைத்தது என்றே படுகிறது. காலனி அரசு சூட்டிய பெயர்; அரசு அதைத் திரும்பப் பெறலாம். ஊர் அம்மக்களே தமக்கு வைத்துக்கொண்டது. அதற்கு மாற்றாக முன்வைத்த உன்னதியும் பிரகிருதியும் சமஸ்கிருதச் சொற்கள். ஊர் திராவிட மொழிக்காரர் பலரும் அறிந்த தொல்சொல்.

இவ்வெல்லை நெடுகவும் குடியிருப்புக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி, கோழிப்பதி, வலியவள்ளம்பதி என அடுத்தடுத்து வரும் 'பதி', சங்க காலம் முதல் வாழிடத்தைக் குறித்த சொல். கோவையின் மேற்குமலை அடிவாரத்தில் இருளர் இன்றும் தம் குடியிருப்புகளைப் பதி என்றே அழைக்கின்றனர். சீங்கப்பதியும் கல்கொத்திப்பதியும் அவ்வழி வந்த பெயர்கள். இடுக்கியில் முதுவர் தம் குடியிருப்பைக் 'குடி' என்கின்றனர். இடமலக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. குடியேற்றம் என்ற சொல்லின் முதற்பகுதி அந்தக் குடிதான்.

மூணாற்றிலோ காலனிக்கு இன்னொரு பொருள் வளர்ந்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய தோட்டத் தொழிலாளிக்கு, நகரை ஒட்டிய காலனியில் இரண்டு மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டுவது வாழ்நாள் கனவு. சமவெளியில் ஒருவர் மறைக்க விரும்பும் முகவரி, மலையில் இன்னொருவர் முப்பதாண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்க விரும்பும் முகவரி. 2024 ஆணைக்குப் பின் சமவெளியின் காலனிகள் ஒவ்வொன்றாக நகர் ஆகலாம். கல்லாற்றின் பட்டம் காலனி அந்த ஆணைக்குள் வராது. அது பட்டியல் சாதியினரின் குடியிருப்பு அன்று. பெயரை மாற்றித் தருமாறு அங்கிருந்து கோரிக்கை எழுந்ததாகவும் செய்தி இல்லை.